ஹெடி டாப்பர்: ஆறு வருடப் பழக்கம்

முதல் தடவை இதைத் தம்ளரில் ஊற்றியபோது கெட்டுப்போன பீரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கிங்ஃபிஷரில் ஆரம்பித்தவனுக்கு பீர் என்றால் பளிங்கு மாதிரி இருக்க வேண்டும். இதுவோ ஆரஞ்சு ஜூஸில் தண்ணீர் விட்ட மாதிரி கலங்கலாக இருந்தது. சட்டென்று ஊர்க் கள்ளுதான் ஞாபகம் வந்தது. மூக்கருகே கொண்டுபோனால் ஆரஞ்சுத் தோலைக் கிள்ளியதும் தெறிக்குமே, அந்த வாசனை. அதற்குப் பின்னால் பழுத்த மாம்பழம், கொஞ்சம் பைன் மரப் பிசின். பழம் எதுவும் போடவில்லை, எல்லாம் ஹாப்ஸ் வேலை, அதாவது பீரில் கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற பூவின் வேலை என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை.

பாஸ்டன் பக்கம் குடியேறி ஆறு வருடம் ஆகிறது. மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் வெர்மான்ட் மாநிலம். அங்கே வாட்டர்பரி என்ற சிற்றூரில் 2003இல் ஜான், ஜென் கிம்மிக் தம்பதி ஆல்கெமிஸ்ட் என்ற பெயரில் பப் திறந்தார்கள். அடுத்த வருடம் அங்கே வடித்ததுதான் ஹெடி டாப்பர். 2011 ஆகஸ்ட்டில் ஐரீன் புயல் வெள்ளம் பப்பை மூழ்கடித்தது. நல்லவேளையாக, கேனில் அடைப்பதற்கான தனி ஆலை அதற்குள் தயாராகியிருந்தது. வெள்ளம் வந்த சில நாட்களிலேயே முதல் கேன்கள் வெளிவந்தன. இன்று உலகம் முழுக்க ‘ஹேஸி ஐபிஏ’ (கலங்கலான, ஹாப்ஸ் தூக்கலான பீர்) என்று விற்கிற வகைக்கு மூத்த அண்ணன் இதுதான் என்பார்கள்.

ஹாப்ஸைக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும், வாசனை ஆவியாகிவிடும். அதனால் இந்த வகையில் பெரும்பங்கு ஹாப்ஸை அடுப்பை அணைத்த பிறகும், நொதிக்கும் தொட்டியிலும்தான் கொட்டுகிறார்கள். ரசத்துக்குக் கொத்தமல்லியைக் கடைசியில் தூவுகிற அதே கணக்கு. பல ஆலைகளில் ஓட்ஸும் கோதுமையும் சேர்ப்பார்கள். அவற்றின் புரதம் ஹாப்ஸின் துவர்ப்புப் பொருளோடு ஒட்டிக்கொண்டு அப்படியே மிதக்கும். கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

வாசனை சீக்கிரம் பறந்துவிடும் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. ஒரு கோடையில் ஒரே பேக்கின் கேன்களை வேண்டுமென்றே பிரித்து வைத்துப் பார்த்தேன். இரண்டாவது வாரத்தில் திறந்தது அமிர்தம். ஃப்ரிட்ஜில் ஆறு வாரம் இருந்ததில் மாம்பழம் அடங்கி, பிசின் வாசனையும் கசப்பும் முன்னுக்கு வந்திருந்தன. மோசமில்லை. சமையலறை அலமாரியில் மூன்று மாதம் கிடந்த கேன் ஆறிய டீ நிறத்துக்கு வந்துவிட்டது. வாயில் வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி. தப்பு என்னுடையது. வடிகட்டாத, பாஸ்ச்சரைஸ் செய்யாத பீரைக் குளிரில் வைக்கச் சொல்லிக் கேனிலேயே எழுதியிருக்கிறார்கள். காலையில் இறக்கிய கள்ளைச் சாயங்காலம் வரை வைத்துவிட்டு, புளிக்கிறதே என்று யாராவது குறைப்படுவார்களா?

ஆனால் கடைக்காரரே வெயிலில் வைத்தால் என்ன செய்வது? பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் தள்ளுபடி என்று வேறொரு ஹேஸி வாங்கி ஏமாந்தேன். வீட்டுக்கு வந்து கேனின் அடியைத் திருப்பிப் பார்த்தால் ஐந்து மாதப் பழசு. திறந்தாயிற்று, திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அன்றிலிருந்து மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி, அடியைப் பார்க்காமல் ஒரு கேனும் வாங்குவதில்லை. ரொம்பப் புதுசும் எனக்குச் சரிப்படாது. அடைத்து இரண்டு நாளான சில ஹேஸிகள் தொண்டையில் பச்சைத் தழையை உரசின மாதிரி எரியும். என் நாக்குக்குப் பத்து நாளிலிருந்து ஒரு மாதம் வரை சரி.

“கேனிலிருந்தே குடியுங்கள்” என்று ஹெடி டாப்பர் கேனில் பெரிதாக எழுதியிருக்கும். ஊற்றினால் வாசனை போய்விடுமாம். நான் பாதியைக் கேனிலேயே குடித்துவிட்டு மீதியைத் தம்ளரில் ஊற்றுவேன். எனக்குத் தம்ளரில்தான் மாம்பழம் நன்றாகத் தெரிகிறது. சொல்பேச்சு கேட்காத பழக்கம், போகட்டும்.

அப்புறம் சாப்பாடு. வெங்காயப் பக்கோடாவுக்குப் பிரமாதம். காரமான மிளகுக் கோழி மட்டும் வேண்டாம். ஆல்கஹாலும் ஹாப்ஸும் சேர்ந்து எரிச்சலை ஏற்றிவிடும், பாதியில் தயிருக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஜூஸ் மாதிரி இறங்குகிறதே என்று இரண்டாவதைத் திறந்தால் தொலைந்தது. 473 மில்லி கேன், 8 சதவீதம் ஆல்கஹால். அதாவது ஒரு கேனே 5 சதவீத சாதாரண பீர் (355 மில்லி கேன்) இரண்டுக்குச் சமம். எனக்கு ஒன்று போதும், அதுவும் சனிக்கிழமை ராத்திரி, வண்டிச் சாவியை மாட்டி வைத்த பிறகு. இந்த வாரத்துக்கானது இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் படுத்திருக்கிறது. அடைத்துப் பதினாறு நாள்.