ஜப்பானில் மடிக்கணினியோடு: ரோமிங், உள்ளூர் சிம், இ-சிம், பாக்கெட் வைஃபை – யாருக்கு எது?

ஜப்பானுக்குப் புறப்படுகிறவர்கள் இணைய வசதியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் கேட்பது, ஒரு ஜிபி டேட்டா எங்கே மலிவு என்பதைத்தான். ஊரைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு அந்தக் கேள்வியே போதும். பகலெல்லாம் கியோட்டோவின் கோயில்களைப் பார்த்துவிட்டு, இரவில் விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்து சென்னை அலுவலகக் கூட்டத்தில் உட்கார வேண்டியவருக்கு அது போதாது. வங்கியின் ஓடிபி வந்து சேர அவருடைய இந்திய எண் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மடிக்கணினிக்கோ வேகமான, இடையில் அறுந்துபோகாத டேட்டா வேண்டும். எண் வேறு, டேட்டா வேறு. இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கியாக வேண்டும் என்று நினைப்பதில்தான் பணமும் நிம்மதியும் போகின்றன என்பது, மடிக்கணினியோடு இரண்டு முறை ஜப்பான் போய் வந்ததில் நான் கண்ட பாடம். கீழே நான்கு வழிகளையும் அந்த நோக்கிலேயே பார்க்கிறேன்.

இந்திய நிறுவனத்தின் சர்வதேச ரோமிங்கில் நாம் செய்ய வேண்டிய வேலை மிகக் குறைவு. புறப்படும் முன் ரோமிங் வசதியை இயக்கி ஒரு பேக் போட்டுவிட்டால், தரையிறங்கியதும் கைபேசி தானாகவே அங்குள்ள நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஓடிபி வரும், சிம்மோடு பிணைக்கப்பட்ட யூபிஐ செயலியும் முரண்டு பிடிக்காது. விலை அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. அதிகம் பேசப்படாத குறை ஒன்று, தரவு போகும் வழியில் இருக்கிறது. ரோமிங்கில் இருக்கும்போது டோக்கியோவில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திறந்தாலும், அந்தக் கோரிக்கை பொதுவாக இந்திய நிறுவனத்தின் வாசல் வரை வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. சென்னைக்கும் டோக்கியோவுக்கும் இடையே நேர் தூரம் ஏறக்குறைய 6,400 கி.மீ. டோக்கியோவிலேயே இருக்கும் ஒரு சர்வரைத் தொட்டுத் திரும்ப, தரவு இந்தியாவுக்கு வந்து, டோக்கியோவுக்குப் போய், மறுபடியும் இந்தியாவுக்கு வந்து, கடைசியில் நம் கைக்கு வர வேண்டும். மொத்தம் 25,600 கி.மீ. ஒளியிழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்கிறது என்பதால், வேறு எந்தத் தாமதமும் இல்லாவிட்டாலும் இந்தச் சுற்றுக்கே 128 மில்லி நொடி பிடிக்கும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் கிடப்பதில்லை. ஆகவே உண்மையில் இன்னும் கூடும். ரயில் நேரமும் வரைபடமும் பார்க்கும்போது ரோமிங்கில் ஓர் இழுவை தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், இதே சுற்று சில வேளைகளில் நமக்குச் சாதகமாகவும் ஆகிறது. கூட்டத்தில் பேசுகிறவர்களும் அதன் சர்வரும் இந்தியாவில் இருந்தால், தரவு எப்படியும் இந்தியாவுக்கு வந்துதானே ஆக வேண்டும். ரோமிங் அந்தத் தூரத்தைக் கூட்டுவதில்லை. வெளிநாட்டு முகவரியிலிருந்து வருவோரை உள்ளே விடாத சில இந்திய அரசு இணையதளங்களும் வங்கித் தளங்களும் ரோமிங் டேட்டாவில் வழக்கம்போலத் திறக்கும். ஆகவே இரண்டு மூன்று நாள் அலுவலகப் பயணத்துக்கு ரோமிங் மட்டுமே போதும் என்று தயங்காமல் சொல்வேன். அதற்கு மேல் தங்கினால், அதை எண்ணுக்காக மட்டும் வைத்துக்கொண்டு டேட்டாவை வேறு வழியில் தேடுவதே மேல்.

உள்ளூர் சிம்மின் பலம் இதற்கு நேர் எதிர். டேட்டா ஜப்பானுக்குள்ளேயே இணையத்தில் நுழைவதால் பக்கங்கள் சட்டென்று திறக்கின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கான ப்ரீபெய்டு சிம்கள் நரிதா, ஹனேதா, கன்சாய் விமான நிலையங்களிலும் பெரிய மின்னணுக் கடைகளிலும் கிடைக்கின்றன. பேச்சு வசதியுள்ள எண்ணை அடையாளத்தைச் சரிபார்க்காமல் கொடுக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே 2006 முதல் நடைமுறையில் இருப்பதால், இவற்றில் பெரும்பாலானவை டேட்டாவுக்கு மட்டுமே ஆனவை. கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. சில சிம்களைப் போட்டதும் ஏபிஎன் விவரங்களை, அதாவது கைபேசி அந்த நிறுவனத்தின் இணையத்தோடு இணைவதற்கான அமைப்புகளை, நாமே தட்டச்சு செய்ய வேண்டும். ஐபோன் என்றால் ஓர் அமைப்புக் கோப்பைப் பதிவிறக்கி நிறுவச் சொல்வார்கள். அந்தக் கோப்பை இறக்கவே இணையம் வேண்டும் என்பதால், விமான நிலைய வைஃபை எட்டும் இடத்திலேயே உட்கார்ந்து இந்த வேலையை முடித்துவிட்டுத்தான் ரயில் ஏற வேண்டும்.

கைபேசியில் இரண்டு சிம் போட இடமிருந்தால் இந்த வழியில் பெரிய ஆபத்து இல்லை. என் முதல் பயணத்தில் என்னிடம் இருந்ததோ ஒரே சிம் போடக்கூடிய கைபேசி. இந்திய சிம்மைக் கழற்றி, கடவுச்சீட்டின் பின் அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டிவைத்தேன். ஐந்தாம் நாள், அடுத்த ஊரின் விடுதிக்குப் பணம் கட்ட முயன்றபோது அட்டை ஓடிபி கேட்டது. ஹிரோஷிமா ரயில் நிலையத்தின் காத்திருப்பு இருக்கையில் உட்கார்ந்து, காதிலிருந்த தோட்டைக் கழற்றி அதன் தண்டால் சிம் தட்டைத் திறந்து, இந்திய சிம்மைப் போட்டு, அது நெட்வொர்க்கைப் பிடிக்கும்வரை காத்திருந்தேன். அதற்குள் ஓடிபியின் காலம் முடிந்துவிட்டது. மூன்றாவது முயற்சியோடு வங்கி அட்டையை முடக்கியது. அன்றைக்கு இந்திய எண் கைபேசிக்குள் இருந்திருந்தால் அது ஒரு நிமிட வேலை. ஒற்றை சிம் கைபேசி வைத்திருப்பவருக்கு உள்ளூர் சிம்மை நான் பரிந்துரைக்காததற்கு அந்த மாலைதான் காரணம்.

இ-சிம் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்கென்றே வந்ததுபோல இருக்கிறது. இந்திய சிம் அதன் இடத்தில் இருக்கும். டேட்டாவுக்கான இரண்டாவது இணைப்பு, அட்டை எதுவும் செருகாமலே, கைபேசிக்குள் பதிவாகிவிடும். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ் வரிசையிலிருந்து இந்த வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் வேறுபடும். மடிக்கணினி இங்கே இன்னொரு விதத்திலும் கைகொடுக்கிறது: வாங்கிய இ-சிம்மின் க்யூஆர் குறியீடு அந்தக் கைபேசிக்கே மின்னஞ்சலில் வந்தால் அதை அதே கைபேசியால் ஸ்கேன் செய்வது சிரமம், மடிக்கணினித் திரையில் திறந்து வைத்து ஸ்கேன் செய்வது எளிது. இதை வீட்டிலேயே, வீட்டு வைஃபையில் செய்து முடித்துவிடுங்கள். பதிந்த இ-சிம்மை இடையில் தவறியும் நீக்கிவிடாதீர்கள். பல திட்டங்களில் ஒரு குறியீட்டை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும்.

இ-சிம் வாங்கும்போது விலையைவிட முக்கியமாக இரண்டைப் பார்க்க வேண்டும். ஜப்பானுக்கானது என்று விற்கப்படும் இ-சிம்கள் பல, உண்மையில் வேறொரு நாட்டு நிறுவனத்தின் ரோமிங் இணைப்புகளே. தரவு ஹாங்காங் வழியாகவோ சிங்கப்பூர் வழியாகவோ போனால் இந்தியாவோடு பேசுகிறவருக்குப் பெரிய நட்டமில்லை, அவை ஏறக்குறைய போகிற வழியில்தான் இருக்கின்றன. ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்தால் கூட்டத்தில் நம் குரல் பின்தங்கும். ஜப்பானிலேயே இணையத்தில் நுழைவதாகத் தெளிவாக எழுதியிருக்கும் திட்டம் சற்றுக் கூடுதல் விலையென்றாலும் அதையே எடுங்கள். அடுத்தது, ஹாட்ஸ்பாட் அனுமதி உண்டா என்பது. வரம்பற்ற டேட்டா என்று விளம்பரப்படுத்தும் சில திட்டங்கள் கைபேசிக்கு மட்டும் தாராளம் காட்டி, மடிக்கணினிக்குப் பகிர்வதைத் தடுத்துவிடும். வரம்பற்றது என்ற சொல்லுக்குக் கீழே சிறிய எழுத்தில், குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு வேகம் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) ஆகும் என்று எழுதியிருப்பதும் உண்டு. அந்த வேகத்தில் குரல் ஏதோ போய்ச் சேரும், காணொளி அறவே நடக்காது.

எவ்வளவு டேட்டா வேண்டும் என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். இருவர் பேசும் காணொளி அழைப்புக்கு ஜூம் நிறுவனம் பரிந்துரைக்கும் வேகம், தரவு ஏறுவதற்கு 600 கேபிபிஎஸ், இறங்குவதற்கு 600 கேபிபிஎஸ். இரண்டையும் கூட்டினால் ஒரு மணி நேரத்துக்கு 540 எம்பி. இன்னும் தெளிவான 720பி தரத்துக்கு இதைப்போல இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஜிபிக்கு மேல். நாளுக்கு இரண்டு மணி நேரம், பத்து நாள் என்றால் குறைந்த தரத்திலேயே 10.8 ஜிபி. இதற்கு மேல் மடிக்கணினி நமக்குத் தெரியாமல் தின்பதும் இருக்கிறது. விண்டோஸ், நம் ஹாட்ஸ்பாட்டை வீட்டு வைஃபை என்றே நினைத்துக்கொண்டு புதுப்பிப்புகளையும் படங்களின் மேகச் சேமிப்பையும் பின்னணியில் ஓட்டக்கூடும். வைஃபை அமைப்புகளில் அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ என்று குறித்துவிட்டால் பெரும்பகுதி நிற்கும். மேக் கணினியில் அதே இடத்தில் ‘லோ டேட்டா மோட்’ இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு பொத்தானை மறக்கக் கூடாது.

பாக்கெட் வைஃபை என்பது உள்ளங்கை அளவுள்ள ரவுட்டர். விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்து, திரும்பும்போது கவுண்டரிலோ, அவர்களே தரும் உறையில் போட்டுத் தபால் பெட்டியிலோ சேர்த்துவிடலாம். தனியாகப் போகிறவருக்கு இது இன்னொரு சுமை: தினமும் சார்ஜ் போட வேண்டும், தொலைத்தால் அபராதம், திருப்பிக் கொடுக்க மறந்தால் கூடுதல் வாடகை. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கோ கணக்கு மாறிவிடுகிறது. ஒரே வாடகையில் நான்கு கைபேசிகளும் மடிக்கணினியும் இயங்கும். ஹாட்ஸ்பாட் கொடுத்துக் கொடுத்து யாருடைய கைபேசியும் மதியமே சாகாது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜப்பானின் டோகோமோ நிறுவனம் கிராமங்களிலும் மலைப்பகுதிகளிலும் பெரிதும் நம்பியிருப்பது 800 மெகாஹெர்ட்ஸில் உள்ள பேண்ட் 19 என்னும் அலைவரிசை. இந்தியாவில் விற்கும் எல்லாக் கைபேசிகளும் அதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நகரத்தில் இது தெரியாது. மலைச் சிற்றூர் ஒன்றில் வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கும்போது தெரியும். வாடகை ரவுட்டர் ஜப்பானிய அலைவரிசைகளுக்கென்றே செய்யப்பட்டது. இ-சிம் எடுப்பவர்கள் தங்கள் கைபேசி மாடலின் பேண்ட் பட்டியலைப் புறப்படும் முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.

இலவச வைஃபையை ஐந்தாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். கடைகளிலும் நிலையங்களிலும் கிடைப்பது வரைபடம் பார்க்கப் போதும், வேலைக்கு ஆகாது. விடுதி வைஃபை பகலில் நன்றாகவே இருக்கும். ஆனால் ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், சென்னையில் மாலை 6 மணிக் கூட்டம் அங்கே இரவு 9.30; விடுதியில் எல்லா அறைகளிலும் ஆட்கள் படம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். அங்குள்ள பிசினஸ் ஹோட்டல் அறைகள் பலவற்றில் மேசைக்குப் பின்னால் சுவரில் லேன் துளை இன்னும் இருக்கிறது. ஒரு சிறிய யூஎஸ்பி-சி லேன் அடாப்டரையும் ஒரு மீட்டர் கேபிளையும் பையில் போட்டுக்கொண்டால், வைஃபை திணறும் அந்த நேரத்தில் கம்பி வழி இணைப்பு பெரும்பாலும் உறுதியாக நிற்கும். இரண்டாவது பயணத்தில் என் கூட்டங்கள் பலவும் அந்தத் துளை வழியாகவே நடந்தன. டோக்கியோ–ஒசாகா ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் வேலை செய்ய வேண்டியிருந்தால், மடிக்கணினிக்காரர்களுக்கென ஒதுக்கப்பட்ட 7-ஆம் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். 2020-இல் ஓடத் தொடங்கிய என்700எஸ் ரயில் என்றால் ஒவ்வோர் இருக்கையிலும் பிளக் பாயிண்ட் உண்டு.

மின்சாரத்தில் தேர்வுக்கு அதிகம் இடமில்லை. ஜப்பானில் 100 வோல்ட். பிளக் பாயிண்டில் பெரும்பாலும் இரண்டு தட்டை முள்ளுக்கு மட்டுமே இடம். சார்ஜரின் அடியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் வோல்டேஜ் கன்வர்ட்டர் எதுவும் தேவையில்லை. நம் ஊர் மூன்று பின் பிளக்கை அடாப்டரில் செருகினால் அதன் கனத்திலேயே சுவரிலிருந்து தொங்கிக் கழன்று வரும். எர்த் இல்லாததால் உலோக உடல் கொண்ட மடிக்கணினியைத் தொட்டால் மெல்லிய ‘சுருக்’ உணர்வும் தெரியும். மடக்கு முள் கொண்ட 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் ஒன்றை எடுத்துச் செல்வது தொங்கிக் கழல்வதற்குத் தீர்வு. பவர் பேங்க் 100 வாட்-மணிக்குள் இருப்பது நல்லது (20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74), கைப்பையில்தான் வர வேண்டும். 2025 ஜூலை முதல் ஜப்பானிய விமானங்களில் அதைத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்காமல் கண்பார்வையில் வைத்திருக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே, ஒருவராகவோ இருவராகவோ ஒரு வாரத்துக்கு மேல் தங்கி வேலை பார்க்கிறவருக்கு என் தேர்வு, ஜப்பானில் நேரடியாக இணையத்தில் நுழையும் இ-சிம்மும், ஓடிபிக்கு மட்டும் இயங்கும் இந்திய சிம்மும்தான். குடும்பத்தோடு போனால் பாக்கெட் வைஃபை. அப்போதும் இந்திய சிம் கைபேசியிலேயே இருக்கட்டும். டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷிகசாயில் வீடு பார்த்துக் குடியேறும் நம்மவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவர்கள் வசிப்பு அட்டை கிடைத்ததும் உள்ளூர் எண் வாங்கிவிட வேண்டும், அது இல்லாமல் அன்றாட வேலைகள் ஒன்றும் நகராது.

விமானம் தரையிறங்கி கைபேசியை இயக்கும் அந்த நிமிடத்தில் இரண்டு பொத்தான்களைச் சரிபாருங்கள். பல இ-சிம்கள் ரோமிங் வகை என்பதால் அந்த இணைப்பில் டேட்டா ரோமிங்கை இயக்கினால்தான் வேலை செய்யும். இந்திய சிம்மில் அதே டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும். ஐபோனில் ‘செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’ என்று ஒன்று உண்டு. அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கைபேசி தானாகவே இந்திய இணைப்பின் டேட்டாவுக்குத் தாவ இடமுண்டு. பிறகு மடிக்கணினியைத் திறக்கலாம்.