550 குதிரைத்திறன், 41,000 கி.மீ., 8 போல்ட்: என் கனெக்டிங் ராடு அனுபவம்

என் வண்டி இன்ஜினில் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை நசுக்கும் அழுத்தம், 135 பிஎஸ்ஐ காட்டியது. மற்ற மூன்றும் 150-ஐ ஒட்டி இருந்தன. வால்வு சரியாக உட்காரவில்லை போல என்று லீக் டெஸ்ட் செய்து பார்த்தேன், கசிவே இல்லை. ஹெட்டைக் கழற்றி, டயல் கேஜை பிளாக்கின் மேல் வைத்து, ஒவ்வொரு பிஸ்டனும் எவ்வளவு உயரம் வருகிறது என்று அளந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மூன்றாவது பிஸ்டன் மற்றவற்றைவிட 1 மி.மீ.க்குச் சற்று அதிகமாகக் கீழேயே நின்றது. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு நெளிந்து குட்டையாகிவிட்டது.

வெளியே எடுத்து, இரும்பு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். நடுவில் பிறை மாதிரி ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. பிஸ்டனின் பாவாடைப் பகுதியில் தேய்மானம் சாய்வாக விழுந்திருந்தது. பேரிங்கிலும் ஒரு பக்கம் மேல் ஓரம், எதிர்ப்பக்கம் கீழ் ஓரம் என்று குறுக்காகத் தேய்ந்திருந்தது. அதோடுதான் நான் எத்தனை நாளாக ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

இன்ஜின் மிட்சுபிஷியின் 4ஜி63. இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், போர் 85, ஸ்ட்ரோக் 88, ராடு நீளம் 150 மி.மீ. அப்போது என்னிடம் இருந்தது 380 குதிரைத்திறன்தான். அதே கம்பெனி ராடுகளை வைத்துக்கொண்டு நண்பர் ஒருவர் 450 எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. குறைவாக எடுத்த எனக்கு ஏன் நெளிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில்தான் ராடு தேர்ந்தெடுப்பது பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே வந்தது.

என் டர்போ சின்னது. சீக்கிரமே பூஸ்ட், அதாவது டர்போ உள்ளே திணிக்கும் காற்றின் அழுத்தம், ஏறிவிடும். டாப் கியரில் 3,600 ஆர்பிஎம்மிலேயே 520 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) கொடுத்தது. நண்பருடையது பெரிய டர்போ, 5,500-க்கு மேல்தான் விழிக்கும், உச்ச டார்க் 480-ஐத் தாண்டாது. குதிரைத்திறன் என்பது டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி வருவது. ராடை நசுக்குவது அதில் டார்க் பக்கம்தான், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். 85 மி.மீ. பிஸ்டன் மேல் 120 பார் அழுத்தம் வந்தால் கிட்டத்தட்ட 7 டன் சுமை. வேகமாகச் சுற்றும்போது, மேலே வரும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பவே அந்த அழுத்தத்தில் ஒரு பகுதி செலவாகிவிடும், ராடுக்குக் கொஞ்சம் சுமை குறையும். குறைந்த ஆர்பிஎம்மில் அந்தச் சலுகை மிகச் சிறியது. முழுச் சுமையும் ராடின் தலையில்தான். அந்த நேரத்தில் கொஞ்சம் நாக்கிங்கும் (எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானாக வெடித்து எரிவது) சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

போல்ட்டின் கதை வேறு. அதற்குச் சோதனை வருவது, எரிந்த புகையைப் பிஸ்டன் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும் அந்த நொடியில் அதைத் தடுக்கச் சிலிண்டருக்குள் அழுத்தம் கிடையாது. ராடுதான் அதைப் பிடித்து இழுக்க வேண்டும், கிராங்கைச் சுற்றிப் பூட்டும் ராடின் மூடியைப் பிடித்திருப்பது இரண்டே போல்ட். பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து 600 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். என் இன்ஜினில் 8,000 ஆர்பிஎம்மில் 2.4 டன் இழுவை வருகிறது. 9,000-க்குப் போனால் 3 டன். ஆர்பிஎம் எட்டில் ஒரு பங்கு கூடினால் இழுவை கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. பூஸ்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் இந்த எண் அசையாது. மாறாக, கியரை இறக்கும்போது தவறி நான்கிலிருந்து இரண்டில் போட்டுவிட்டால், ஆக்ஸிலரேட்டரில் காலே இல்லாமல் போல்ட் போய்விடும்.

அதனால் ராடு பெட்டி மேல் அச்சடித்திருக்கும் 'இத்தனை குதிரைத்திறன் தாங்கும்' என்ற எண்ணை நான் பார்ப்பதில்லை. என் டார்க் எந்த ஆர்பிஎம்மில் உச்சத்துக்கு வருகிறது, இன்ஜினை எதுவரை சுற்றப் போகிறேன், இந்த இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன்.

ராடின் தண்டு ஹெச்-பீமா ஐ-பீமா என்று நானும் பல ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டேன். இன்ஜினின் முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது தண்டில் பள்ளம் தெரிந்தால் அது ஐ-பீம். பக்கவாட்டில் திருப்பினால்தான் பள்ளம் தெரியும் என்றால் ஹெச்-பீம். நெளிவைத் தாங்குவதில் நன்றாக வடிவமைத்த ஐ-பீமுக்குத்தான் என் ஓட்டு, குறிப்பாகக் கீழேயே டார்க் கொட்டும் இன்ஜின் என்றால். ஆனால் நான் எதிர்பார்த்த 600 நியூட்டன் மீட்டருக்கு 4340 எஃகில் செய்த ஹெச்-பீமே போதும் என்று பட்டது, அதையே வாங்கினேன். அந்த எஃகில் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் சேர்ந்திருக்கும், இந்த வேலைக்கு வழக்கமாகப் போடுவது. அலுமினிய ராடு, நேர்கோட்டில் கொஞ்ச தூரம் மட்டும் ஓடும் டிராக் (drag) ரேஸுக்குச் சரி. களைப்படையும் உலோகம் அது, குறிப்பிட்ட ஓட்டத்துக்குப் பிறகு மாற்றியே ஆக வேண்டும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு எனக்கு அது வேண்டாம்.

பீமைவிட நான் அதிகம் யோசித்தது போல்ட்டைப் பற்றி. வந்த ராடுகளில் ஏஆர்பி கம்பெனியின் 2000 வகை போல்ட் இருந்தது. 2,20,000 பிஎஸ்ஐ இழுவை வலிமை. அதற்கு மேல் எல்19 உண்டு, 2,60,000. ஆனால் ஈரம், கை வியர்வை பட்டால் கெட்டுவிடும், எப்போதும் எண்ணெய் பூச்சிலேயே இருக்க வேண்டும். அதே வலிமையில் துருவுக்கும் அஞ்சாதது கஸ்டம் ஏஜ் 625 பிளஸ். என் 8,000 ஆர்பிஎம் எல்லைக்கு 2000 போதும் என்று விட்டுவிட்டேன். ஆறு வருஷம் கழித்தும் அந்த முடிவில் எனக்கு வருத்தமில்லை.

புது ராடுதானே என்று பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டப் போனேன். லேத் பட்டறை அண்ணன்தான் தடுத்தார். "தம்பி, போல்ட்டை முழுசா டைட் வச்சு அளந்தியா? மூடி சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற அளவு அளவே இல்லை" என்றார். அளந்ததில் நான்கில் ஒரு ராடின் பெரிய துளை, கிராங்க் பக்கம் உள்ளது, 0.015 மி.மீ. வட்டம் தப்பியிருந்தது. ஹோனிங் செய்து, அதாவது கல்லால் நுணுக்கமாகத் தேய்த்து, சரியாக்கினார். கிராங்க் ஜர்னல் (ராடு பூட்டும் உருளைப் பகுதி) 45 மி.மீ., எண்ணெய் இடைவெளி 0.05 மி.மீ. வைத்தோம். எடை நான்குக்கும் ஒரு கிராமுக்குள் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. இன்னொன்று, இந்த இன்ஜினில், ஃப்ளைவீலைப் பூட்டும் போல்ட் எண்ணிக்கையை வைத்து, ஆறு போல்ட், ஏழு போல்ட் என்று இரண்டு வகை கிராங்க் உண்டு. ராடின் பெரிய முனையின் அகலம் மாறும், வாங்கும் முன் உங்களுடையது எது என்று பார்த்துவிடுங்கள்.

போல்ட்டை டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி முடுக்காதீர்கள். நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்வாகவே போய்விடும். ஸ்ட்ரெச் கேஜில் போல்ட் எவ்வளவு நீள்கிறது என்று பார்த்து முடுக்க வேண்டும். முதல் போல்ட்டை, சொன்ன லூப்ரிகண்ட் போட்டு, சொன்ன டார்க்கில் முடுக்கினேன். ரெஞ்ச் 'டக்' என்றது. கேஜ் முள் 0.11-ல் நின்றது, வேண்டியது 0.14 மி.மீ. தளர்த்தி மறுபடி முடுக்கினேன், 0.13. மூன்றாவது தடவை 0.14 வந்து நின்றது. மரை பழகப் பழக உராய்வு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ரெஞ்ச் சத்தத்தை நம்பியிருந்தால் எட்டு போல்ட்டும் அரைகுறை இறுக்கத்தில்தான் உள்ளே போயிருக்கும். பூட்டும் முன் எட்டு போல்ட்டின் இயல்பு நீளத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஆறு வருஷத்தில் எனக்கு அதிகம் பயன்பட்ட பக்கம் அதுதான்.

டியூனிங்கிலும் ஒரு மாற்றம் செய்தேன். டர்போவைப் பெரிதாக்கி, முழு பூஸ்ட் 4,500-க்கு முன்னால் வராதபடி கட்டுப்படுத்தினேன். டார்க் உச்சம் வரும் இடத்தில் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, கொஞ்சம் பின்னுக்கு இழுத்தோம். உச்ச டார்க் 5,200-ல் 600, குதிரைத்திறன் 7,500-ல் 550.

18,000 கி.மீ.யில் ஹெட் கேஸ்கெட் போனது. அந்தச் சாக்கில் கீழேயும் பிரித்துப் பார்த்தேன். நான்கு பிஸ்டனும் ஒரே உயரம். மேல் பேரிங் பாதிகளில் லேசான பளபளப்பு, எரிப்பின் சுமை அங்கேதான் விழுகிறது, கீழ்ப் பாதிகள் புதுசு மாதிரி. போல்ட் நீளத்தில் மாற்றமே இல்லை. பேரிங்கை மட்டும் மாற்றி மூடினேன்.

இரண்டாவது முறை போன மாதம், 41,000 கி.மீ.யில். ராடுகள் நேராகவே இருக்கின்றன. இரண்டாவது ராடில் பின் உட்காரும் வெண்கலப் புஷ் தேய்ந்து, பின்னைக் கையால் ஆட்டினால் மெல்லிய ஆட்டம் தெரிந்தது. புஷ் மாற்றக் கொடுத்திருக்கிறேன். போல்ட்டில் ஏழு பழைய நீளத்திலேயே இருக்கின்றன. ஒன்று மட்டும் 0.02 மி.மீ. நிரந்தரமாக நீண்டிருக்கிறது. 0.025 வந்தால் தூக்கிப் போட வேண்டும் என்பது ஏஆர்பி சொல்லும் கணக்கு, அதற்கு இன்னும் இடம் இருக்கிறது. அது நான்காவது ராடின் போல்ட். போன வருஷம் டிராக்கில் கியர் தவறி 8,900 தொட்ட நாள் ஞாபகம் இருக்கிறது, அதன் தடயம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லை தாண்டவில்லை என்றாலும் எட்டையும் மாற்றுகிறேன், இந்த முறை 625 பிளஸ். போல்ட் மாறினால் இறுக்கம் மாறும், துளையின் வடிவமும் மாறும் என்பதால் நான்கு ராடும் மறுபடி பட்டறைக்குப் போயிருக்கின்றன. வியாழக்கிழமை வந்துவிடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். புது போல்ட்களின் நீளத்தை நேற்று ராத்திரியே அளந்து, நோட்டில் பழைய கணக்குக்குப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.