சல்லடம் தைக்கப் புதுமண்டபத்தில் தேடாதீர்கள்

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கு வேஷம் கட்டுபவர்கள் வீட்டில் யாராவது இருந்தால் இது உங்களுக்கு உதவும். பங்குனியில் சல்லடம் (வேஷத்துக்குப் போடும் கால்சட்டை) தைக்க, பழக்கதோஷத்தில் நேராக மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்துக்குப் போய் நின்றேன். தையல்கடைகள் மாநகராட்சி கட்டிய குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டது தெரிந்த விஷயம்தான். கால்தான் கேட்கவில்லை.

மகனுக்கு டெங்கு வந்து மீண்டபோது, மூன்று வருஷம் அழகருக்கு வேஷம் கட்டுவதாக என் அம்மா வேண்டிக்கொண்டார். முதல் வருஷம் சோம்பலில் ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். தல்லாகுளம் போவதற்குள் பாதி ஜிகினா உதிர்ந்துவிட்டது. அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சியதும் சிவப்புச் சாயம் இறங்கி, பிள்ளை தொடையெல்லாம் ரத்தம்போல. பார்த்தவர்கள் அடிபட்டுவிட்டதோ என்று பதறினார்கள். நனைவதற்கென்றே போடும் உடுப்பில் சாயம் நிற்காவிட்டால் எதற்கு?

இந்த வருஷம் அப்பா காலத்துத் தையல்காரரைத் தேடிப் போனேன். சத்திரத்துக்குள் எல்லாக் கடையும் ஒரே மாதிரி ஷட்டர். இரண்டு சுற்று சுற்றி, ஒரு வளையல் கடையில் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். மண்டபத்தில் இந்தத் தொல்லை இல்லை. "யானை கரும்பு தின்கிற தூணுக்கு அடுத்தது" என்றால் போதும், குழந்தைகூடப் போய்விடும்.

"வாம்மா, அப்பா நல்லாருக்காரா?" என்றார் பாய். பையனை நிமிர்ந்து பார்த்துவிட்டு, டேப்பை எடுக்கும் முன்னாலேயே இடுப்பளவைச் சொன்னார். டேப் வைத்தபோது அரை அங்குலம்தான் வித்தியாசம். "தம்பி, ஆடிக் காமி" என்றார். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே இரண்டு குதி குதித்தான். முழங்கால் மடங்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். வெல்வெட்டின் ஓரத்தைத் தண்ணீரில் முக்கி வெள்ளைத் துணியில் தேய்த்துக் காட்டினார். சாயம் ஒட்டவில்லை. தைத்து வாங்கியபின் பிரித்துப் பார்த்தால், உள்தையலில் மூன்று விரல் துணி மடித்து விட்டிருந்தார், அடுத்த வருஷம் பையன் வளர்ந்தால் பிரித்துவிட்டுக்கொள்ள. நான் கேட்கவேயில்லை.

அழகருக்கு வேஷம் கட்டுபவர்களுக்குத் தைப்பவர்களில் பலர் பாய்மார்கள்தான். மதுரைக்காரர்கள் இதை ஒரு செய்தியாகச் சொல்ல மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள்தான் ஆச்சரியப்படுகிறார்கள்.

வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது புதுமண்டபம். எனக்கு நினைவு தெரிந்து அங்கே வசந்தமும் இல்லை, காற்றும் இல்லை. மெஷின் சத்தமும் புதுத்துணி வாசமும்தான். தூணெல்லாம் ஆணியும் எண்ணெய்ப் பிசுக்குமாகக் கிடந்ததைப் பார்த்தவள் நான், காலி செய்தது தப்பென்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பாய் சொன்னதும் நியாயம்தான்: "சாமி கும்பிட வந்தவங்க போற போக்குல ஒரு பாவாடை, ஒரு தலகாணி உறைன்னு வாங்குவாங்க. இப்ப தெரிஞ்சவங்க மட்டும்தான் தேடி வர்றாங்க." கோபமாகச் சொல்லவில்லை, பாபினில் நூல் சுற்றிக்கொண்டே சொன்னார்.

சல்லடம், கச்சை (இடுப்பில் கட்டுவது), உருமா (தலைப்பாகை) மூன்றும் சேர்த்து 1,600 ரூபாய் ஆனது. ஆன்லைன் செட்டைவிட 700 கூடுதல். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதம், அதற்காக அலைந்ததில் எனக்குக் கடுப்புதான். உருமாவில் சரிகை ஒரு பக்கம் கோணல். காட்டியதும் உடனே பிரித்துத் தைத்துக் கொடுத்தார். ஜிபே இருக்கிறது. உட்கார ஒரு ஸ்டூல்தான், அதிலும் துணிக்கட்டு.

தைப்பதானால் பங்குனி பிறந்ததும் போய்விடுங்கள். கொடியேற்றத்துக்கு அப்புறம் போனால் பாய் டேப்பையே எடுக்க மாட்டார், மேலே தொங்கும் ரெடிமேடைக் கை காட்டிவிடுவார்.