"அரச அங்கீகாரம்" என்ற சொல்லை நம்பிக் கட்டிய 150,000 ரூபாய்

உயர்தரப் பெறுபேறு வந்த வீடுகளுக்கு இப்போது தனியார் கல்வி நிறுவனங்களிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கியிருக்கும். போன வருடம் விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகள் வர்த்தகப் பிரிவில் இரண்டு சி, ஒரு எஸ் எடுத்திருந்தாள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கிளிநொச்சி நகரத்தில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்து அழைத்தார்கள். சோதனைக்கு முன்பு நடந்த இலவசக் கருத்தரங்கில் பிள்ளைகள் இலக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதை வைத்துத்தான். சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறிப் போனோம்.

குளிரூட்டிய அறை, தேநீர், நல்ல தமிழில் மரியாதையான பேச்சு. மூன்று வருடத்தில் முகாமைத்துவப் பட்டம், கடைசி வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது, மொத்தம் 650,000 ரூபாய் என்றார்கள். "இது அரசாங்கம் அங்கீகரிச்ச பட்டமோ?" என்று நான் வாய்விட்டே கேட்டேன். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பதிவுச் சான்றிதழைக் காட்டி, "அரச அங்கீகாரம் இருக்கு அம்மா, இஞ்ச பாருங்கோ" என்றார் அந்த ஆலோசகர். அதில் இலங்கை அரச இலச்சினையைக் கண்டதும் என் மனம் ஆறிவிட்டது. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லை.

அடுத்து அவர் சொன்னதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. "இந்தப் புள்ளிக்குக் கம்பஸ் கிடைக்காது. விண்ணப்பிச்சுப் பிள்ளையை ஏங்க வைக்காதேங்கோ." நாங்களும் அரச பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. அன்றைக்கே கட்டினால்தான் கட்டணக் கழிவு என்றபடியால் சீட்டுக் காசோடு சங்கிலியையும் அடகு வைத்துத் திங்கட்கிழமை 150,000 ரூபாய் கட்டினேன். இரண்டு நாள் பொறுத்ததே தங்கள் பெரிய மனசு என்றார்கள். மகளின் பாடசாலை விடுகைப் பத்திரத்தின் மூலப் பிரதியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

முதல் மாதம் வகுப்பு நடந்தது. பிறகு பாதி சூமில். விசுவமடுவில் சிக்னல் எப்படி என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். விரிவுரையாளர் மூன்று முறை மாறினார். மூன்றாம் மாதம்தான், இப்போது படிப்பது பட்டத்தின் முதல் வருடம் அல்ல, ஓர் அடிப்படைப் பாடநெறி, அதற்குத் தனியாகக் கட்டவேண்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மகளின் பொருளியல் ஆசிரியரிடம் ஓடினேன். அவர் அந்தச் சான்றிதழின் படத்தைப் பார்த்ததும் விளங்கப்படுத்தினார். அது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு. தொழிற்பயிற்சி நிலையம் நடத்துவதற்கானது. அந்தப் பதிவு உண்மைதான், ஆனால் அது பட்டத்துக்கு அங்கீகாரம் ஆகாது. இலங்கையில் ஒரு தனியார் நிறுவனம் தன் பெயரில் பட்டம் கொடுக்கவேண்டுமென்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அதற்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனங்களின் பெயரும், எந்தெந்தப் பட்டத்துக்கு அனுமதி என்பதும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் பட்டியலிலோ இருக்கிறதா என்று ஆணைக்குழு பார்க்கும். நாங்கள் தேடினோம். எங்களுக்குச் சொன்ன பெயர் ஓரிடத்திலும் இல்லை.

தொழிற்பயிற்சியைக் குறைத்துச் சொல்லவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைத் தரத்துக்குப் படித்துவிட்டு நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அங்கே படிப்பது என்.வி.கியூ. என்று சொல்லித்தான் சேர்க்கிறார்கள். தனியாரிடம் அந்தப் படிப்புக்குப் போனாலும், நிறுவனத்தின் பதிவு வேறு, ஒவ்வொரு பாடநெறிக்குமான தரச்சான்று வேறு. இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆசிரியர் அன்றைக்குப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலையும் எடுத்துக் காட்டினார். முந்தின வருட வெட்டுப்புள்ளிகள், அதாவது ஒவ்வொரு பாடநெறிக்கும் இடம் கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளிகள், மாவட்டம் மாவட்டமாக அதில் இருக்கின்றன. வர்த்தகப் பிரிவு போன்றவற்றில் 40 வீதம்தான் அகில இலங்கைத் திறமை அடிப்படை. 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் நான்குமே அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. எங்கள் மாவட்டமான முல்லைத்தீவின் நிரலில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்தோம். இரண்டு பாடநெறிகளின் புள்ளி மகளின் புள்ளிக்குக் கிட்டவாக இருந்தது. கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன், வெட்டுப்புள்ளி வருடத்துக்கு வருடம் மாறும். ஆனால் விண்ணப்பித்திருக்க வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலேயே வணிகக் கற்கைகள் பீடம் இருக்கிறது, வீட்டில் இருந்து எட்டும் தூரம். விண்ணப்ப முடிவுத் திகதி அப்போது கடந்துவிட்டது. மகள் ஒன்றும் பேசாமல் கைநூலை மூடி வைத்தாள்.

காசைத் திருப்பிக் கேட்டேன். நான் கையெழுத்து வைத்த படிவத்தின் பின்பக்கத்தில், கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் மீளத் தரப்படாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறதாம். பற்றுச்சீட்டிலே "பாடநெறிக் கட்டணம்" என்று மட்டும்தான் இருக்கிறது, பட்டம் என்ற சொல்லே இல்லை. விடுகைப் பத்திரத்தைக் கேட்டபோது மிச்சத் தவணையைக் கட்டிவிட்டு எடுங்கள் என்றார்கள். பாடசாலை அதிபர் நேரில் வந்து கதைத்த பிறகுதான் அதைத் தந்தார்கள். மூலப் பிரதியை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், போட்டோப் பிரதியைக் கொடுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளையோடு இப்படி ஓர் இடத்துக்குப் போனால், "அரச அங்கீகாரமோ?" என்று என்னைப் போலக் கேட்காதீர்கள். எந்த ஆணைக்குழு, எந்தப் பட்டத்துக்கு, எந்தத் திகதியில் என்று கேளுங்கள். பட்டத்தின் பெயரையும் அதை வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கடிதத் தலைப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டோம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். அவர்கள் என்ன சொன்னாலும் மானியங்கள் ஆணைக்குழுவின் பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

மகள் திரும்பவும் சோதனை எழுதப் படிக்கிறாள். நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதே இடத்தில் காசு கட்டிய இன்னும் இரண்டு தாய்மார் தருமபுரத்தில் இருந்து என்னோடு சேர்ந்திருக்கிறார்கள். உங்களிடமும் அதே மாதிரிப் பற்றுச்சீட்டு இருந்தால் கிழித்துப் போடாமல் எனக்குத் தெரிவியுங்கள், சேர்ந்து போவோம்.