ஸ்டெம் செல்லா, மாற்று ஈரலா, மருந்தும் பத்தியமுமா?

எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு தங்கச்சி தன் மகனுக்குச் சோறு போடும் முன் பருப்பைச் சின்னத் தராசில் நிறுப்பாள். எண் கொஞ்சம் கூடினாலும் கரண்டியால் திரும்ப எடுத்துவிடுவாள். பிள்ளைக்கு ஓடிசி (OTC) குறைபாடு என்ற பிறவி நோய். புரதத்திலிருந்து வரும் அமோனியாவை யூரியாவாக்கும் நொதி அவன் ஈரலில் சரியாக வேலை செய்யாது. அமோனியா ஏறினால் முதலில் அடிபடுவது மூளை.

"அக்கா, ஸ்டெம் செல் ஊசி போட்டா சுகமாயிருமாமே?" என்று போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பத்தியமும், சோடியம் பென்சோவேட், ஆர்ஜினின் போன்ற மருந்துகளும் நோயை மாற்றாது, காவல்தான் காக்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, அதுகூட இவனுக்குப் பெரிய கணக்கு. அதற்காக ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து: உடம்பு தன் தசையையே கரைக்கும், அமோனியா ஏறும். காய்ச்சலும் அதையே செய்யும். ராத்திரி வாந்தி தொடங்கினால் ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலைநாட்டில் இந்த வழியின் பெரிய ஓட்டை அந்தத் தூரம்தான். டாக்டர் கொடுத்த அவசரக் கடிதத்தை அவள் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறாள்.

மாற்று ஈரல் அந்த நொதியையே கொண்டுவருகிறது. பெற்றோரில் ஒருவருடைய ஈரலின் இடது பக்கத் துண்டே சின்னப் பிள்ளைக்குப் போதும், கொடுத்தவருக்கு மிச்ச ஈரல் வளர்ந்துவிடும். ஓடிசி தாய்வழியாகவும் வருவதால் அம்மா கொடுக்க முன்வந்தால் அவளையும் பரிசோதிக்க வேண்டும். பெரிய ஆபரேஷன், ஆயுள் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, ஏற்கெனவே கெட்ட மூளை திரும்பாது. ஆனாலும் கடுமையான நோய்க்கு இன்று நிலைத்த தீர்வு இதுதான். தாமதிக்காமல் டாக்டரிடம் கேட்க வேண்டியதும் இதைத்தான்.

ஸ்டெம் செல், அதாவது வேறு செல்லாக வளரக்கூடிய மூலச் செல், பொய்யில்லை. பெல்ஜியத்தில் ஈரலிலிருந்து எடுத்து வளர்த்த ஹெப்பாஸ்டெம் என்ற செல்களை, ஓடிசி போன்ற யூரியா சுழற்சிக் கோளாறோ, கிரிக்லர் நஜ்ஜார் என்ற இன்னொரு பிறவி ஈரல் நோயோ உள்ள 20 பிள்ளைகளுக்கு, ஈரலுக்குப் போகும் போர்ட்டல் இரத்தக் குழாய் வழியாக ஏற்றிப் பார்த்தார்கள். ஜப்பானில் பிறந்து 6 நாளான குழந்தைக்குக் கருமூலச் செல்லிலிருந்து (கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்) வளர்த்த ஈரல் செல்களை ஏற்றினார்கள், 2020இல் அறிவித்தார்கள். அந்தக் குழந்தைக்கும் பிறகு அப்பாவின் ஈரல்தான் பொருத்தப்பட்டது. ஏற்றும் செல்களில் கொஞ்சம்தான் ஒட்டிப் பிழைக்கும், அடக்கும் மருந்தும் தேவை. ஆகவே இப்போதைக்கு இது ஆபரேஷன் வரை பிள்ளையைத் தாங்கும் பாலம்.

இந்தச் செல்லை ஆய்வுக்குள் கொடுப்பார்கள், பெற்றோரிடம் விலை பேச மாட்டார்கள். அந்த விளம்பரத்தில் முதலில் இருந்ததே விலைதான். "சங்கிலியை அடகு வைக்காதே தங்கச்சி, அடுத்த கிளினிக்கில் மாற்று ஈரலைப் பற்றிக் கேள்" என்றேன்.