மூட்டுவலிக்குத் தினசரி மருந்தா, மாத ஊசியா?

வயதான நாய் எழும்போது பின்னங்கால்கள் நடுங்குவதையும், பூனை ஜன்னல் திண்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தாவாமலே திரும்புவதையும் வெறும் முதுமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் அது வலி.

மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகள் வலியோடு அழற்சியையும் தணிப்பவை, நெடுங்காலம் பழகியவை. ஆனால் நாள்தோறும் கொடுக்க வேண்டும். வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். பூனைக்கு இது பெரிய சிக்கல்: முதிய பூனைகள் பலவற்றுக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். மெலாக்சிகாமைப் பூனைக்குத் தொடர்ந்து கொடுப்பது குறித்து அமெரிக்காவில் மருந்துக் குறிப்பிலேயே கடும் எச்சரிக்கை உண்டு. (வீட்டிலுள்ள பாராசிட்டமாலைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது, உயிரைப் பறித்துவிடும்.)

மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புரதம்) ஊசியின் வழி வேறு. வலியைத் தூண்டும் ‘நரம்பு வளர்ச்சிக் காரணி’ என்ற புரதத்தைப் பிடித்து முடக்குகிறது. நாய்க்கு லிப்ரெலா, பூனைக்கு சொலென்சியா. மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டால் போதும். உடல் இதை மற்றப் புரதங்களைப் போலவே சிதைத்துவிடுவதால் சிறுநீரகத்துக்குச் சுமை மிகக் குறைவு. அமெரிக்காவில் சொலென்சியாவுக்கு 2022இலும் லிப்ரெலாவுக்கு 2023இலும் அனுமதி கிடைத்தது. ஆனால் லிப்ரெலா போட்ட சில நாய்களுக்குத் தள்ளாட்டம், வலிப்பு போன்றவை பதிவானதாக 2024 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கால்நடை மருத்துவர்களை எச்சரித்தது. மாத்திரையை நிறுத்தலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது.

மாத்திரையை விழுங்க மறுக்கும் பூனைக்கு ஊசியையே நான் முதலில் கேட்பேன். நாய்க்கோ, இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் மாத்திரையிலிருந்து தொடங்குவேன். சினையுற்ற, பாலூட்டும் விலங்குகளுக்கு இந்த ஊசி கூடாது.