கதிரா, வில்லா: மலைமுடியில் இரண்டு லூசுலாக்கள்

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைத்தொடரில், 1,309 மீட்டர் உயரமுள்ள பென் மக்டூயி போன்ற சிகரங்களை நெருங்குகையில், சரளைக் கற்களின் இடுக்கில் பழுப்புநிறப் பூந்தலையைத் தொங்கவிட்டபடி நிற்கும் ஒரு குறுஞ்செடியைக் காணலாம். புல்லைப் போலத் தோன்றினாலும் அது புல் அன்று. ஜங்கேசியே குடும்பத்தின் லூசுலா பேரினத்தைச் சேர்ந்த, ஆங்கிலத்தில் வுட் ரஷ் எனப்படும் செடிவகை. அந்த உயரத்தில் கண்ணில் படுவது லூசுலா ஸ்பைகேட்டாவா, லூசுலா ஆர்குவேட்டாவா என்று முடிவு செய்வதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றத்துக்குக் காரணம், இரண்டுமே தலை கவிழ்ந்து நிற்பவை என்பதுதான். களக்குறிப்பில் "பூங்கொத்து தொங்குகிறது" என்று மட்டும் எழுதினால் அது எதையும் தீர்மானிக்காது. எது வளைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்பைகேட்டாவில் பூக்கள் காம்பில்லாமல் நெருங்கி அமைந்து, முற்றிய தினைக்கதிரைப் போல ஒரே திரட்சியாக இருக்கின்றன. அந்தக் கதிருக்குச் சற்றுக் கீழே தண்டு வளைவதால், முழுக் கதிரும் ஒன்றாகச் சாய்கிறது. ஆர்குவேட்டாவில் அப்படியொரு கதிரே கிடையாது. தண்டின் நுனியிலிருந்து மெல்லிய கிளைகள் பல பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே வில்லாக வளைந்து, முனையில் சில பூக்கள் மட்டுமே கொண்ட சிறு கொத்தைத் தாங்குகிறது. கதிர் என்பதையும் வில் என்பதையும் இவற்றின் லத்தீன் பெயர்களே சொல்லிவிடுகின்றன. தாவரப் பெயர்களில் இத்தனை நேர்மையானவை அதிகம் இல்லை.

ஆயினும் இந்த அடையாளத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. கதிர் முழுதும் வெளிவராத இளம் ஸ்பைகேட்டா நிமிர்ந்தே நிற்கக்கூடும். காற்றில் அடிபட்டுக் குன்றிய செடியில் கதிர் மிகச் சிறுத்து, சில பூக்களின் உருண்டையாகவே எஞ்சியிருக்கும். அப்போதும் அந்த உருண்டை ஒன்றாக இருக்கிறதா, பல காம்புகளாகப் பிரிகிறதா என்பதைக் கைலென்ஸ் வழியாகப் பார்த்துவிடலாம். தாளில் அழுத்தி உலர்த்திய மாதிரியில்தான் சிக்கல் பெரிது: கிளைகளின் இயல்பான வளைவு தட்டையாகிக் குலைந்துவிடுவதால், அதை மட்டும் நம்பி இனத்தைச் சொல்ல நான் துணியமாட்டேன்.

இலை முடிகளை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். இலை விளிம்பில் நீண்ட வெண்முடிகள் இருப்பது லூசுலாவின் பொது அடையாளம் என்று நாம் கற்றிருக்கிறோம். ஸ்பைகேட்டாவில், குறிப்பாகத் தண்டைச் சுற்றியிருக்கும் இலையடியான இலையுறையின் வாய்ப்பகுதியில், அவை தெரியும். ஆர்குவேட்டாவோ ஏறத்தாழ முடியற்றது. எனவே பேரினத்தை அறிய நாம் முதலில் தேடும் அடையாளமே இங்கு கைவிடுகிறது. அதே முகடுகளில், அதே குடும்பத்தின் ஜங்கஸ் என்ற வேறொரு பேரினத்தைச் சேர்ந்த, முடியே இல்லாத ஜங்கஸ் ட்ரைஃபிடஸும் ஏராளமாக வளர்வதால், இது வெறும் ஏட்டளவிலான கவலை அன்று. ஜங்கஸ் ட்ரைஃபிடஸில் ஒன்று முதல் மூன்று வரையான பூக்களுக்கு மேலாக நூல் போன்ற நீண்ட பூவடி இலைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஐயம் தீராவிட்டால் முற்றிய கனியைப் பார்க்கலாம்: லூசுலாவின் கனி ஒரே அறையில் மூன்று விதைகள் மட்டுமே கொண்டது, ஜங்கஸின் கனியிலோ விதைகள் பல.

இதே பேரினத்தின் இன்னொரு இனமான லூசுலா மல்டிஃப்ளோராவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன் பூக்கொத்துகள் பெரும்பாலும் நேரான காம்புகளில் நிமிர்ந்து நிற்பதால், தலை கவிழ்ந்த இவ்விரண்டோடும் அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புக் குறைவு.

வாழிடம் துணைச்சான்று மட்டுமே. ஆர்குவேட்டா பிரிட்டனில் ஸ்காட்லாந்தின் உயர்ந்த மலைகளில் மட்டும், பனி நெடுநாள் தங்கும் கல்நிலங்களை ஒட்டி வாழும் அரிய தாவரம். ஸ்பைகேட்டா அதைவிடப் பரவலாக, காற்று வீசும் வறண்ட சரளை நிலங்களிலும் பாறை விளிம்புகளிலும் வளர்கிறது. ஆனால் இரண்டும் ஒரே சரிவில் அடுத்தடுத்து இருக்கக்கூடும் என்பதால், உயரத்தை வைத்துப் பெயர் சூட்டுவது பிழைக்கே இட்டுச்செல்லும். அரிய இனத்தைக் கண்டுவிட்டோம் என்ற ஆவல் அந்தப் பிழைக்குத் துணைபோகிறது.

அரிய செடியாக இருக்கக்கூடியதைப் பிடுங்குவதற்கு மாறாக, தரைமட்டத்தில் படுத்தபடி பக்கவாட்டிலிருந்து படமெடுப்பதையே நான் வலியுறுத்துவேன். தண்டின் மேல்பகுதி, பூங்கொத்தின் கிளைகள், இலையுறையின் வாய் ஆகிய மூன்றும் தெளிவாகப் பதிய வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் கதிரும் வில்லும் ஒரே பழுப்புப் புள்ளியாகவே தெரியும். அத்தகைய படம் மட்டும் கையில் இருந்தால், லூசுலா என்று பேரினத்தோடு பதிவை நிறுத்திக்கொள்வதே முறை.